எவ்வளவு தொலைவு தொலைவாகும்?

ஆற்றுமுகத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடிக்கொண்டிருந்த பயணிகள் படகுக்கு, பொதுநன்மையை முன்னிட்டு, மின்னணுத் தொலை இயக்கக் கருவி பொருத்தப்பட்டது. அதுவரை கேப்டன் மேலறையிலிருந்து மணியடிப்பார். கீழே இன்ஜின் அறையில், 'கிரீஸ்' என்று எல்லோரும் கூப்பிடும் இன்ஜின்காரர், கைப்பிடியைத் தள்ளுவார். படகு போகும். இனி அப்படியில்லை. மேலறையிலேயே ஒரு சின்ன லீவர். தள்ளினால் முன்னே, இழுத்தால் பின்னே. கேப்டனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. முதல் நாள் வீட்டில் சாப்பிடும்போதுகூட உப்பு ஜாடியை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தார்.

திறப்பு விழாவுக்கு வந்த படகுத் துறை இயக்குநர் லீவரை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"தொலை இயக்கம்னு போட்டிருக்கே, எவ்வளவு தொலைவு?"

"இங்கேருந்து இன்ஜின் வரைக்கும் சார். ஒரு ஏணி தூரம்."

"ஒரு ஏணி இறங்குறதுக்கா இத்தனை செலவு? இதுல தொலைவு எங்கய்யா இருக்கு?"

நியாயமான கேள்வி. ஆகவே லீவர் கழற்றப்பட்டு, கரையில் இரண்டாம் மாடியில் இருந்த இயக்குநரின் மேஜையில் பொருத்தப்பட்டது. அதைப் பார்த்த துணை இயக்குநருக்கு மனசு ஆறவில்லை. அவருக்கும் ஒன்று வந்தது. இரண்டு லீவர் இருப்பது ஆபத்து என்று பாதுகாப்பு அதிகாரி ஆட்சேபம் எழுப்பினார். அவருடைய ஆட்சேபம் ஏற்கப்பட்டு அவருக்கும் ஒன்று தரப்பட்டது. ஒரு சமயத்தில் ஒரு லீவர்தான் வேலை செய்யும். ஒருவர் 'ஒப்படைப்பு' பட்டனை அமுக்க வேண்டும், அடுத்தவர் 'ஏற்பு' பட்டனை அமுக்க வேண்டும். நடுவில் இன்ஜின் யாருக்கும் சொந்தமில்லாமல் சும்மா உறுமிக்கொண்டிருக்கும். கிரீஸின் கைப்பிடிக்கு அரக்கு சீல் வைத்தார்கள். நங்கூரம் பழைய தொழில்நுட்பம் என்று கண்டறியப்பட்டதால், வெள்ளிப் பெயின்ட் அடித்து அலுவலக வாசலில் அலங்காரமாக வைத்தார்கள்.

கேப்டனிடம் சுக்கானும் நாற்காலியும் மிஞ்சின. இன்ஜின் தள்ளாத படகில் சுக்கானைத் திருப்புவது, ஓடாத கடிகாரத்தில் மணி பார்ப்பது மாதிரி.

அன்று படகில் கூட்டம். கேப்டனின் மகளும் இருந்தாள். அக்கரையில் அவளுக்குப் பரீட்சை. பாதி ஆற்றில் படகின் வேகம் குறைந்தது. பிறகு வேகமென்று சொல்ல ஒன்றுமே இல்லை. கரையில் இயக்குநருக்கு அவசரக் கூட்டம். 'ஒப்படைப்பு' அமுக்கிவிட்டுப் போய்விட்டார்.

கேப்டன் துணை இயக்குநருக்குப் போன் போட்டார்.

"சார், ஏற்பு பட்டனை அமுக்குங்க. படகு மிதக்குது."

"மிதக்குறது நல்லதுதானே?"

"நீரோட்டம் இழுக்குது சார். புதுப் பாலத்துக்குக் கட்டின தூண் நேரா தெரியுது."

"பாருங்க கேப்டன், ஏற்புன்னு அமுக்கினா தூணையும் சேர்த்து ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. பாதுகாப்பு அதிகாரியையே கேளுங்க."

பாதுகாப்பு அதிகாரி, வேறொரு ஊரில், பாதுகாப்பு பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தார்.

மகள் மேலறைக்கு ஏறி வந்தாள். "அப்பா, பரீட்சை அந்தக் கரையில. நாம எந்தப் பக்கம் போறோம்?"

"பக்கவாட்டுல."

"அப்ப நீங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?"

"பொறுப்புக்கும்மா" என்றார் கேப்டன். அவள் தூணைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கேப்டன் விழுந்தடித்துக்கொண்டு இன்ஜின் அறைக்கு ஓடினார்.

"யோவ், சீலை உடைய்யா!"

"உடைச்சா வேலை போயிடும் சார்" என்றார் கிரீஸ்.

"உடைக்கலைன்னா உயிரே போயிடும்!"

கிரீஸ் நிதானமாக யோசித்தார். "வேலை போனா பென்ஷனும் போச்சு சார். உயிர் போனா குடும்பத்துக்குப் பென்ஷன் உண்டு."

கேப்டன் சீல் மீது கையை வைத்தார். அவருக்கும் பென்ஷன் நினைவு வந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது.

அதே நேரத்தில் கரையில், துணை இயக்குநர் டீ குடிக்க எழுந்து போயிருந்தார். பெருக்க வந்த அம்மா அவர் மேஜையைத் துடைத்தார். துணி முதலில் ஏற்பு பட்டன் மேல் அழுந்தியது. லீவரின் இடுக்கில் தூசி. அதையும் விடாமல் அழுத்தித் துடைத்தார்.

படகு துள்ளிக்கொண்டு பாய்ந்தது. கேப்டன் ஏணியேறி வந்து சுக்கானைப் பிடிப்பதற்குள் மகளே அதை ஒடித்துத் திருப்பியிருந்தாள். தூண் பெயின்டைச் சுரண்டிக்கொண்டு விலகியது. படகு போன வேகத்தில் அக்கரையின் டிக்கெட் கூண்டைப் பெயர்த்துக்கொண்டு சேற்றில் ஏறி நின்றது. மகள் குதித்தாள். செருப்பு ஒன்று சேற்றோடு போனது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

விசாரணைக் குழு ஆழ்ந்து ஆராய்ந்தது. கருவியில் எந்தக் குறையும் இல்லை. பயிற்சியே இல்லாத ஒருவர் துணியால் இயக்கியும் படகு கரை சேர்ந்திருக்கிறது. ஆகவே இந்தக் கருவியை எந்தக் குடிமகனும் இயக்கலாம் என்பது ஐயந்திரிபற நிரூபணமாகிறது. விபத்து நடந்த இடத்தில் இருந்த ஒரே பொறுப்பாளர் கேப்டன் என்பதால் அவர் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார்.

ஊரே கைதட்டியது. பயணிகள் எல்லோருடைய செல்போனுக்கும் லீவர் வந்தது. 'போ' என்று அமுக்கலாம், 'நில்' என்று அமுக்கலாம். மக்கள் விருப்பத்தின் சராசரிப்படி படகு ஓடும். மேலறையைக் காலி செய்து அங்கேயும் நாலு பெஞ்சு போட்டார்கள்.

கேப்டனை மேல்முறையீட்டுக்கு அக்கரை அலுவலகத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள். வீட்டில் கிளம்பத் தாமதம். பஸ்ஸில் வரும்போதே படகு கரையை விட்டு நகரத் தொடங்குவது தெரிந்தது. சட்டென்று போனை எடுத்து 'நில்' அமுக்கினார். தாமதமாக ஓடிவந்துகொண்டிருந்தவர்களும் அமுக்கியிருக்க வேண்டும். படகு பணிவாக நின்றது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி, மூச்சிரைக்க ஏறினார். உட்கார இடமும் கிடைத்தது.

உடனே 'போ' அமுக்கினார். படகு ஒரு அசைவு அசைந்து மறுபடி நின்றது. இன்னும் பலமாக அமுக்கினார். அசையவில்லை. சுற்றிலும் எல்லோரும் கட்டைவிரலால் போனைக் குத்திக்கொண்டிருந்தார்கள். தெருவில் பத்துப் பதினைந்து பேர், ஒரு கையில் பையும் ஒரு கையில் போனுமாக ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

கேப்டனுக்குக் கோபம் தலைக்கேறியது. பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினார்:

"எவன்யா அது, கொஞ்சங்கூடப் பொறுப்பில்லாம நில்லு நில்லுன்னு அமுக்கறவன்?"

படகு முழுவதும் அவருக்காகக் கைதட்டியது.