சேங்கொட்டை முடித்துவைத்த கல்யாணம்

பண்ருட்டியில் பிறந்தவனுக்கு முந்திரியைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை என்று பெங்களூரில் எல்லோரும் நம்பினார்கள். கொடுமை என்னவென்றால், நானும் நம்பினேன். (அப்பாவுக்கு ஜவுளிக்கடை. எனக்கு முந்திரியோடு பழக்கமெல்லாம் பொட்டலத்தில்தான்.)

தொண்ணூற்றெட்டில் ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஜோகுபாளையத்தில் எனக்குப் பெண் பார்க்கும் படலம். ஏற்கெனவே மூன்று வீடுகளில் 'அப்புறம் சொல்றோம்' என்றிருந்தார்கள். (இன்னும் சொல்லவில்லை.) என் படபடப்பைப் பார்த்து, ஆபீஸ் நண்பன் சுரேஷ் பைக்கில் ஏற்றி ஆனேக்கலுக்கு அப்பால் காட்டோரமாக அழைத்துப் போனான்.

மூங்கிலும் நெல்லியும் மண்டிய பாறைச் சரிவில் நின்றது அந்த மரம். தேக்குபோல அகன்ற இலை. கொத்துக் கொத்தாக ஆரஞ்சுப் பழங்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் கறுப்பாக ஒரு கொட்டை.

"காட்டு முந்திரி!" என்று கூவினேன்.

"பேடா குரு, வேணாம்! தெரியாத மரத்துல கை வெக்காதே," என்றான் சுரேஷ்.

"யாருகிட்ட? பண்ருட்டிடா நான்!"

கொட்டையைப் பாறையில் வைத்துக் கல்லால் ஓங்கி ஒரு போடு. பருப்பு வரவில்லை, சாறு வந்தது, நேராக என் முகத்துக்கு. கையால் துடைத்து, தப்பிய இடங்களுக்கும் பாரபட்சமின்றிப் பரப்பினேன்.

ஞாயிறு காலை கண்ணாடியில் வேறு யாரோ நின்றார். கன்னம் பூரி, உதடு போண்டா, மூக்கைச் சுற்றிக் கொப்புளம், நடுநடுவே சோப்புக்கும் அசையாத கறுப்புப் புள்ளிகள். போகவேண்டாம் என்று கெஞ்சினேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா விடவில்லை.

"நல்ல மூஞ்சியோட போயே மூணு இடம் போச்சு. இதோடயும் ஒருவாட்டி போய்ப் பாப்போம், வாடா."

பெண்ணின் அம்மா என்னைப் பார்த்ததும் காபித் தட்டோடு இரண்டடி பின்வாங்கினார். "ஐயோ, அம்மையா?"

பெண்ணின் அப்பா லாண்டரிக் கடைக்காரர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கறை படிந்த வேட்டியைப் பார்ப்பதுபோல் என் கன்னத்தைப் பார்த்தார்.

"அட, சேங்கொட்டைச் சாறு! துணி மாறாம இருக்க முன்னெல்லாம் இதுலதானே மார்க்கு போடுவோம்? அடிச்சுத் துவைச்சாலும் போகாது. தோல்ல பட்டா இப்படித்தான் வீங்கும், வடிஞ்சிடும். பயப்படாதே," என்றார் மனைவியிடம்.

"எப்பவும் இப்படி இருக்க மாட்டான். கொஞ்சம் நல்லாவே இருப்பான்," என்று அம்மா உத்தரவாதம் கொடுத்தார்.

கதவோரம் நின்ற, நான் பார்க்க வந்த பெண் கலா, அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பை அவிழ்த்துவிட்டாள்.

"அப்பா, மார்க்கு போட்டு நம்ம வீட்டுக்கு வந்திருக்கு. வேற எங்கயும் திருப்பி அனுப்பிடாதீங்க."

வீங்கிய முகத்தோடு நான் சிரித்த சிரிப்பை எந்தப் போட்டோக்காரரும் எடுக்காதது நாட்டுக்கு நல்லது. மூன்று வீட்டார் பார்த்துவிட்டு யோசித்த முகத்தை, அது முகமாகவே இல்லாத நாளில் ஒருத்தி ஓகே செய்துவிட்டாள்!

புள்ளிகள் தோலோடு உரிந்து போயின. பேச்சு மட்டும் போகவில்லை. டிராஃபிக்கில் மாட்டி நான் வரத் தாமதமானால், இன்றும் மகள் கவலையோடு கேட்பாள், "அப்பாவை இன்னும் காணோமே?"

கலா அடுப்பைவிட்டுத் திரும்பக்கூட மாட்டாள்.

"அது மார்க்கு போட்ட துணிடி. எங்க சுத்தினாலும் நம்ம வீட்டுக்குத்தான் வந்து சேரும்."