கிழக்கே போன பை

அந்தச் சனிக்கிழமைக் காலை வெம்பிளியில் பூட்டிய கதவொன்றின் முன்னால் நின்றவர்கள்: நான், மனைவி சறோ, எட்டு வயது மகள் மதுரா, பொறுமை தீர்ந்த மினிகாப் டாக்ஸி ஓட்டுநர். எங்கள் பாஸ்போர்ட்டுகள் மட்டும் இல்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். படித்தவர்கள் ஒருதரம் கவலைப்படும் விஷயத்துக்கு நான் மூன்றுதரம் கவலைப்படுவேன். பெல்ஜியத்து அன்ட்வேர்ப் போகலாம் என்று தீர்மானித்ததும் அதனால்தான். பழைய நகரம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மிருகக்காட்சிச்சாலை. தொலைந்துபோக வழியே இல்லை (என்று நினைத்தேன்). அங்கே ஒகாபி என்றொரு மிருகம் இருக்கிறதாம். வரிக்குதிரையின் கால், ஒட்டகச்சிவிங்கியின் முகம். மதுரா வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

விக்டோறியாவிலிருந்து புறப்படும் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தபிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தேன். சனி, கிழக்கே சூலம். பெல்ஜியமோ சரி கிழக்கு!

பரிகாரம் உண்டு. நல்ல நாளில் ஒரு பையைப் போகிற திசையில் இன்னொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அன்றே தொடங்கியதாகக் கணக்கு. நாங்கள் இருந்த ஹரோவுக்குக் கிழக்கே, வெம்பிளியில் எங்கள் ஊர்க்காரர் தில்லை அண்ணை இருந்தார். புதன்கிழமை பையைக் கொண்டுபோய் வைத்தேன். வெறும் பை வைத்தால் பலிக்காதோ என்ற பயத்தில் பாஸ்போர்ட், விசா, டிக்கெட், மாற்றிய பெல்ஜியக் காசு எல்லாவற்றையும் அதற்குள் போட்டேன்.

பிறகு தொலைபேசி.

"அண்ணை, பை பத்திரமோ?"

"ஓமடா, கட்டிலுக்குக் கீழை கிடக்கு."

பதினோராவது தரம் போன் எடுத்தபோது அவர் கத்தினார்: "இனி எடுத்தாயெண்டால் பையோடை நானே பெல்ஜியம் போயிடுவன்!"

சனி காலை போனால் கதவு பூட்டு. கடிதம் போடும் துவாரத்தால் கூப்பிட்டேன். பதில் இல்லை.

"விக்டோறியாவுக்குப் போய்ப் பாப்பமே?" என்றாள் சறோ.

"விசரே? பை இருக்கிற இடத்தை விட்டிட்டுப் போறதோ?"

ஒரு மணி நேரம் காவல் நின்றேன். ஓட்டுநர் காத்திருந்ததற்குக் காசு கேட்டார். முன்பே பேசிய கூலிக்கான காசு மட்டுமே என்னிடம் இருந்தது. மதுரா ஒகாபி பொம்மை வாங்கச் சேர்த்த சில்லறையை வாங்கிக் கொடுத்தேன்.

நாங்கள் விக்டோறியா போய்ச் சேர்ந்தபோது பஸ் போய்ப் பத்து நிமிடம். பையை மடியில் வைத்தபடி தில்லை அண்ணை.

"நீ போன் எடுத்து எடுத்து எனக்கே பயம் பிடிச்சிட்டுது. அதுதான் விடியவே இஞ்சை கொண்டுவந்திட்டன்."

"ஒரு போன் எடுத்திருக்கலாமே அண்ணை?"

"எத்தினை தரம் எடுத்தனான்! உன்ரை லைன் எப்பவும் பிசி."

சறோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். "விடிய நாலு மணியிலயிருந்து இவர் மணி சொல்லுற நம்பருக்கு அடிச்சு நேரம் கேட்டுக்கொண்டெல்லோ இருந்தவர்."

மதுரா அழவில்லை. "அப்பா, பை கிழக்கை போயிட்டுது. நாங்கள்தான் போகேல்லை" என்றாள்.

இன்று அவளுக்கே பிள்ளைகள். நான் எங்காவது புறப்பட்டால் "தாத்தா, பை போயிட்டுதோ?" என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தச் சில்லறையைத் திருப்பிக் கொடுத்தால் மதுரா வாங்குவதில்லை. ஒகாபிக்கு முன்னால் நின்றுதான் வாங்குவாளாம். ஆகவே இன்றுவரை பாக்கி: ஆறு பவுண், நாற்பது பென்ஸ்.