குவிமாடத்தை மூட ஆள் அனுப்பவும்

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு உங்கள் மாமா எழுதிக்கொள்வது.

நாங்கள் இருவரும் நலம். இதை எழுதும்போது என் நெற்றியில் ஒரு பிளாஸ்திரி இருக்கிறது. அதை நலக்குறைவில் சேர்க்க வேண்டாம். நீங்கள் கட்டிக்கொடுத்த வீட்டுக்குள் நுழைந்ததன் அடையாளம், அவ்வளவுதான். நீங்களும் என் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வீட்டுக்காக உங்களுக்கு விருது கிடைத்த செய்தியைப் பேப்பரில் பார்த்தோம். படமும் போட்டிருந்தார்கள். படத்தில் நாங்கள் இல்லை. எடுக்க வந்தவர் "கொஞ்சம் ஓரமா நிக்கிறீங்களா, வீடு மறையுது" என்று சொல்லிச் சொல்லியே எங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டார். இருந்தாலும் உங்கள் அத்தை அதைக் கத்தரித்து வைத்திருக்கிறாள். சுவரில் ஒட்டலாம் என்றால் உங்கள் சுண்ணாம்புச் சுவர் பசையை ஏற்கவில்லை. ஆணி அடிக்கலாம் என்றால் ஆணி வளைகிறது. ஆகவே உங்கள் விருது இப்போது துணி அலமாரிக்குள் இருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது புகார்க் கடிதம் இல்லை. மாப்பிள்ளையைக் குறை சொல்வது மரியாதை இல்லை என்பது எனக்குத் தெரியும். அதிலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமனாருக்காகத் தன் கையாலேயே வரைபடம் போட்டு, வெயிலில் கூடவே நின்று கட்டிக்கொடுத்த மாப்பிள்ளையைக் குறை சொல்ல நாக்கு கூசாதா? நீங்கள் ஊர் ஊராக அலைந்து பழைய கோவில், தேவாலயம், மசூதி, மடம் என்று ஒன்றுவிடாமல் அளந்து வந்து, "மாமா, மின்விசிறின்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடியே அவங்க வெயிலை ஜெயிச்சிருக்காங்க, அவங்ககிட்ட நாம கத்துக்கணும்" என்றபோது தலையை ஆட்டியவன் நான். "வீடுன்னா வெறும் சுவரும் கூரையும் இல்ல மாமா, அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கணும்" என்றீர்கள், அதற்கும் ஆட்டினேன். இப்போது வீட்டில் அர்த்தம் நிறைய இருக்கிறது. துணி காயப்போடத்தான் இடமில்லை.

வாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வழிபாட்டு இடங்களில் வாசலைத் தாழ்வாக வைத்தது, வருகிறவன் தலைகுனிந்து அகந்தையை வெளியே விட்டுவிட்டு வரவேண்டும் என்பதற்காக என்று விளக்கினீர்கள். எனக்கு இருந்த அகந்தை குடிவந்த வாரமே போய்விட்டது மாப்பிள்ளை. இப்போது போய்க்கொண்டிருப்பது நெற்றித் தோல்தான். சரி, மனிதன் குனிவான், புது பிரிட்ஜ் குனியுமா? அதைத் தூக்கிவந்த ஆட்கள் வாசலையும் பிரிட்ஜையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், இது கதவா ஜன்னலா?" என்றார்கள். நான் "அதாவது, அகந்தை என்பது" என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் இருக்கட்டும் சார், இதை எங்க இறக்கறது, கை விட்டுப்போகுது" என்றார்கள். கடைசியில் கயிறு கட்டிப் பின்பக்க மதில்மேல் ஏற்றி முற்றத்தில் இறக்கினார்கள். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் கைதட்டினார். முற்றத்திலிருந்து கூடத்துக்குப் போகிற வாசலிலும் நீங்கள் அதே அர்த்தத்தை வைத்திருப்பதால் பிரிட்ஜ் இன்றுவரை முற்றத்தில்தான் குடித்தனம் நடத்துகிறது. மழை வந்தால் நான் ஓடிப்போய்த் தார்ப்பாய் போர்த்துகிறேன்.

அப்புறம் கூடம். வட்டமான கூடம், மேலே குவிமாடம், அதன் உச்சியில் மூடியில்லாத ஒரு துளை. சூடான காற்று அதன் வழியாக மேலேறிப் போய்விடும், வெளிச்சம் அதன் வழியாக வட்டமாக விழுந்து தரையில் நகர்ந்து நகர்ந்து நமக்குக் காலத்தை உணர்த்தும் என்றீர்கள். நன்றாகவே உணர்த்துகிறது. காலையில் பேப்பரில் விழுகிறது, மத்தியானம் நான் கண் அசரும் நேரம் பார்த்து முகத்தில் விழுகிறது. நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்தால் கொஞ்ச நேரத்தில் அதுவும் இந்தப் பக்கம் வருகிறது. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவன் நான். வண்டி தாமதம், வண்டி தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்லியே குடும்பத்தைக் காப்பாற்றியவன். ஒருநாளும் தாமதமாகாத ஒன்றோடு இந்த வயசுல மல்லுக்கட்டுற மாதிரி ஆயிடுச்சே மாப்பிள்ளை! மழைக்காலத்தில் துளை வழியாக விழும் தண்ணீர் தரையில் இருக்கிற ஓட்டைகளில் இறங்கி அடித்தொட்டிக்குப் போய்விடும் என்றீர்கள். போகிறது, மறுக்கவில்லை. தொட்டியும் நிறைகிறது. தொட்டிக்குப் போகும் வழியில் நான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் சின்னச் சிக்கல்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். கோடையில் அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் ஏசி உறுமிக்கொண்டிருந்தபோது நாங்கள் போர்வை தேடினோம். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் எண் நகரவே இல்லையே என்று மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு விசாரிப்பதற்காகக் கூடத்துக்குள் வந்தவர் மேலே அண்ணாந்து பார்த்தார், குரல் இறங்கிவிட்டது, "எத்தனை மணிக்கு மூடுவீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் ஒருவர் என்றால் பரவாயில்லை. வருகிறவர்கள் எல்லாருமே இப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் நம் கழிவுநீர்க் குழாய் விஷயமாகச் சண்டை போட வந்தார். கூடத்தின் நடுவில் நின்று "யோவ்!" என்றார். குவிமாடமும் "யோவ்" என்றது. தன் குரல் தன்மேலேயே வந்து விழுந்ததும் மனிதர் வெலவெலத்துப்போய், ஓரமாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்று எழுந்து போனார். குழாய் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். கடிதம் எழுதத் தூண்டிய விஷயம் வேறு. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் பிரிட்ஜ், மழை என்று சுற்றிச் சுற்றி வருகிறேன்.

கூடத்தின் அந்தக் கோடியில் வளைந்த சுவரை ஒட்டிச் சமையல் மேடை வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அங்கே நின்று யாராவது முணுமுணுத்தால் சத்தம் சுவரோடு சுவராக ஏறி, குவிமாடத்தைச் சுற்றிவந்து, இந்தக் கோடியில் என் நாற்காலி இருக்கிற இடத்தில் சுத்தமாக இறங்குகிறது. இதை நீங்கள் வரைபடத்தில் காட்டவில்லை. மற்ற இடத்தில் நின்றால் ஒன்றும் கேட்காது. அந்த இடத்தில் உட்கார்ந்தால் உங்கள் அத்தை என் காதுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். முதல் தடவை திடுக்கிட்டு எழுந்தேன். "பேப்பர்ல இருக்கறதை எல்லாம் எனக்கு வேற படிச்சு விளக்கணுமா, எனக்குக் கண்ணு இல்லையா" என்றது குரல். திரும்பிப் பார்த்தால் அவள் அந்தக் கோடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்குகிறாள். தங்கையோடு போனில் பேசுகிறாள் என்று புரிந்துகொண்டேன். பரவாயில்லை என்று மறுநாளிலிருந்து பேப்பரை மனதுக்குள்ளேயே படித்தேன். உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு நாள், படுக்கையறைக்கு நீலத்தில் ஒரு திரைச்சீலை இருந்தால் நன்றாக இருக்கும் என்று குரல் வந்தது. எனக்கே தோன்றி வாங்கிவந்த மாதிரி வாங்கிவந்து மாட்டினேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம். எனக்கோ உள்ளூரப் பெருமை. பெண்டாட்டி மனசுல இருக்கறதை சொல்லாமலே கண்டுபிடிக்கிற புருஷன் ஊர்ல எத்தனை பேர் இருக்கான், சொல்லுங்க மாப்பிள்ளை! இப்படியே சில மாதம் நான் ராஜா மாதிரி இருந்தேன்.

போன வாரம் கேட்டதுதான் வேறு மாதிரி இருந்தது. "அவரு நல்லவருதான். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா இத்தனை வருஷத்துல, உனக்கு என்ன வேணும்னு ஒரு தடவை வாயத் தொறந்து கேட்டிருப்பாரா? பேசுவாரு, பேசுவாரு, பேசி முடிச்சுட்டுத் தூங்கிடுவாரு. அவரோட இருந்துகிட்டே நான் தனியா இருந்திருக்கேன்" என்றாள். அழவில்லை. குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

மாப்பிள்ளை, எனக்கு வலித்தது. இந்த வயதில் இப்படி வலிக்கும் என்று நினைக்கவில்லை. அவள் கேட்டு நான் இல்லை என்று சொன்னது ஒன்றுகூட இல்லை என்று எனக்குள் வாதாடிப் பார்த்தேன். அவள் ஒன்றும் கேட்டதே இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. சாப்பாட்டை அவசர அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்துவிடுகிறேன். நாற்காலியை நகர்த்திப் போட்டால் கேட்காது, நகர்த்தியும் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நானே நடந்துபோய் அந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். இது நல்ல பழக்கமா? மனுஷனுக்கு மனுஷன் ஒரு சுவரு வேணும், அதுக்குத்தானே வீடு கட்டுறோம்? அந்தக் காலத்தில் குவிமாடம் கட்டியவர்கள் எல்லாம் அதன் கீழே கடவுளைத்தான் வைத்தார்கள். கடவுளுக்கு எதைக் கேட்டாலும் தாங்கும். அங்கே புருஷன் பெண்டாட்டியைக் குடிவைத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஆகவே என் ஒரே வேண்டுகோள், உடனடியாக ஃபால்ஸ் சீலிங் போடும் ஆட்களை அனுப்பி, குவிமாடத்துக்குக் கீழே பலகை அடித்து, துளையோடு சேர்த்து எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். காற்று மேலே போக வழியிருக்காது, வெளிச்சம் வராது, கட்டடத்தின் அர்த்தமே போய்விடும் என்பீர்கள். போகட்டும். ஏசி போட்டுக்கொண்டு மற்றவர்களைப் போல நானும் அர்த்தமில்லாமல் இருந்துவிட்டுப் போகிறேன். ஒன்று மட்டும், உங்கள் அத்தைக்குக் காரணம் தெரியக்கூடாது. துளை வழியாகப் புறா வந்து அசிங்கம் செய்கிறது என்று சொல்லிவிடுவோம். என் மகளிடமும் மூச்சு விட வேண்டாம். அம்மாவும் பெண்ணும் ஒன்று.

உங்கள் தொழில் மேலும் மேலும் ஓங்கட்டும், அதை மற்றவர்களுடைய மாமனார் வீடுகளும் கொஞ்சம் அனுபவிக்கட்டும். பேத்திக்கு என் முத்தங்கள். அவள் வரும்போது ஓடிவந்து நுழையலாம், நம் குடும்பத்தில் அந்த வாசலுக்குப் பொருத்தமான உயரம் அவளுக்கு மட்டும்தான் இருக்கிறது. உங்கள் எல்லாருக்கும் எங்கள் இருவரின் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள்மேல் மரியாதை குறையாத
மாமா

பின்குறிப்பு: ஆளை அனுப்ப வேண்டாம். மேலே உள்ளதைப் படித்ததுமே அனுப்பியிருந்தால் வழியிலேயே திருப்பிவிடுங்கள்.

நடந்தது இதுதான். எழுதியதை ஒருதரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் பிழை தெரியும் என்று, மெதுவாகத்தான், முணுமுணுப்பாகத்தான், முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படித்தேன். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வருவது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும் போகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. "ஆசிகள்" என்று முடித்தபோது காதுக்குள் குரல் வந்தது. "பாவம், புறா மேல எதுக்குப் பழி?" என்றாள்.

கடிதத்தை அவசரமாக மடித்தேன். "தங்கச்சிகிட்ட நீ பேசினது தற்செயலா கேட்டுச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"எந்தத் தங்கச்சி? இந்தத் தண்டிச் சுவத்துக்குள்ள போனு எங்க எடுக்குது? உங்ககிட்டதான் சொன்னேன். நேர்ல சொன்னா உங்க காதுல என்னைக்கு ஏறியிருக்கு? குடிவந்த புதுசுல நீங்க அங்க உக்காந்து என்னைப் பத்தி முணுமுணுத்தது எனக்கு இங்க கேட்டுச்சு. அப்போ நான் சொன்னாலும் அங்க கேக்கும்னு தெரிஞ்சுபோச்சு. பேப்பரைப் படிச்சு விளக்கறதை நிறுத்தணும்னேன், நின்னுச்சு. நீலத் திரை கேட்டேன், வந்துச்சு. சரி, வழி தெறந்துடுச்சுன்னு நினைச்சு இப்பதான் பெரிய விஷயத்துக்கு வந்தேன். அதுக்குள்ள மேல பலகை அடிக்கப் பாக்குறீங்களே!"

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். "வேணாம், அப்படியே அனுப்புங்க, மாப்பிள்ளை படிக்கட்டும்" என்கிறாள். நான் சுவருக்குப் பக்கத்தில் போய், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் காதுக்குள் கேட்டது. பிறகு சொல்ல ஆரம்பித்தாள். பெரிய பட்டியல் போலிருக்கிறது, இன்னும் முடியவில்லை. நடுவில் எழுந்து வந்துதான் இதை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை, நீங்கள் குடியிருப்பது அடுக்குமாடியில், சதுர அறையில், தட்டைக் கூரைக்குக் கீழே. அங்கே எதுவும் தானாகக் கேட்காது. ஆகவே என் மகள் வீட்டில் எந்த மூலையில் நின்று முணுமுணுக்கிறாள் என்று பார்த்து, அந்த மூலையில் உங்கள் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போடுங்கள்.