கோட்டாவுக்கு நாளைக்கு ஒரு சேதி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மறைமலை நகர் வரைக்கும், உலகம் அழிந்தாலும் மறுநாள்தான் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே மனிதன் கோட்டா.

வல்லம் வடகாலில் என் ரூம்மேட். ஃபேக்டரியில் என்னைப் போலவே டிரெய்னி. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சேதிதான் காதில் வாங்குவான், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். இரண்டாவது சேதியோடு யார் போனாலும் டிராஃபிக் போலீஸ் மாதிரி கை எழும்பிவிடும். மிச்ச மூளை முழுக்க வெல்டிங் ரோபோவுக்கு. தினமும் ஒரு அலாரம், அது ஏன் அடிக்கிறது, எப்படி நிறுத்துவது, அவ்வளவுதான் படிப்பு.

ஒருநாள் பாத்ரூமில் பாம்பு. அலறிக்கொண்டு போய்ச் சொன்னேன். "நாளைக்குச் சொல்லு மச்சான், கோட்டா முடிஞ்சிச்சு" என்று துண்டோடு உள்ளே போனான். அவன் பாட ஆரம்பித்ததும் பாம்புதான் ஜன்னல் வழியாக வெளியே வந்தது.

நான் நேரெதிர். நான் இல்லாத வாட்ஸ்அப் குரூப் இல்லை. ஆள் குறைக்கிறார்களாம், லைனையே மூடுகிறார்களாம். டெஸ்டில் தேறினால் பர்மனென்ட், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதற்காக நான் சேர்த்துவைத்த வீடியோக்களைப் பார்த்து முடிக்க இன்னொரு பிறவி வேண்டும்.

அன்று எங்களுக்கு வீக் ஆஃப். வெள்ளிக்கிழமை நடக்கவேண்டிய டெஸ்ட் இன்று மதியமே என்று குரூப்பில் வந்திருந்தது. 'இனிய காலை வணக்கம்' ரோஜாக்களுக்கு அடியிலிருந்து அதை நான் தோண்டியெடுத்தபோது, கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"டேய் கோட்டா! இன்னிக்கு..."

கை எழும்பியது. "காலீல தக்காளி வெல ஏறிச்சுன்னு சொன்னல்ல? அவ்ளோதான்."

"இது உன் வாழ்க்கைடா!"

"வாழ்க்க நாளைக்கும் கீது." காதைப் பொத்திக்கொண்டான்.

சமைக்கவே தெரியாத எனக்குத் தக்காளி விலை எதற்கு? ஆணியில் தொங்கிய அவன் ஐடி கார்டைப் பறித்துக்கொண்டு ஓடினேன்.

"டாய், கார்ட குட்றா! பைத்தியமாடா புட்ச்சிருக்கு உனுக்கு?" லுங்கியோடு துரத்தினான். எங்கள் இருவரையும் நாய்கள் துரத்தின. பஸ்ஸில் ஏறினேன். அவனும் ஏறினான். கதவு மூடியது.

"இன்னா நைனா, லுங்கியோடவா டெஸ்ட்டுக்கு?" என்றார் டிரைவர். கோட்டாவின் முகத்தில் ரத்தமே இல்லை. லாக்கரில் யூனிஃபார்ம் இருந்ததால் மானம் தப்பியது.

அவன் தேறினான். என்னிடம் அலாரத்துக்குக் காரணம் கேட்டார்கள். லைனை மூடப்போகும் வதந்தி முதல் எல்லாம் ஞாபகம் வந்தது, காரணம் மட்டும் வரவில்லை.

ரிசல்ட் வந்த சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து புலம்பினேன். வீட்டில் என்ன சொல்வது, தங்கச்சி ஃபீஸை எப்படிக் கட்டுவது, மறுபடி எங்கே வேலை தேடுவது... கோட்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் முழங்கையால் லேசாக இடித்தான்.

"அப்பால? சொல்லு மச்சான்."