குடுவைக்குள் பட்டினிச் சித்தர்கள்

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஆழிச்சாமி. பனியன் ஊரான மண்ணரையில் வாரம் இப்போது அப்படித்தான் முடிகிறது. பனியன் கம்பெனிகளுக்கு லீவு என்றால் அவருக்கு டபுள் ஷிப்ட். துணி வெட்டும் கட்டிங் ஹால் ஒன்று மூடிக் கிடக்க, அதில் கடை விரித்திருந்தார் இந்தச் சாமியார்.

அற்புதம் ஜன்னலோரம் இருந்தது. இறுக மூடிய கண்ணாடிக் குடுவை. உள்ளே கடல்நீர், கொஞ்சம் பச்சைப் பாசி, கொசுவளவு சிவப்பு இறால்கள். யாரும் இரை போடுவதில்லை. ஆனாலும் மாதக்கணக்கில் நீந்துகின்றன.

“இறால் இல்லை, சித்தர்கள்! சோறு இல்லை, மருந்து இல்லை. என் மந்திரமே ஆகாரம். உங்களுக்கு மட்டும் மாத்திரை எதற்கு?” என்று கேட்டுவிட்டு ஏப்பம் விட்டார் ஆழிச்சாமி. அவர் மந்திரத்தோடு இட்லியும் சேர்த்துக்கொள்கிறவர் போலும்.

பக்தர்கள் மாத்திரைகளைத் தாம்பாளத்தில் கொட்டினார்கள். தென்காசிப் பக்கமிருந்து தையல் வேலைக்கு வந்த முத்துப்பேச்சியும், கூட வந்த மகள் வேல்விழியின் வலிப்பு மாத்திரையை நீட்டினாள்.

“தட்டுல கொட்டாதீங்க கண்ணு. நிறுத்தினா வலிப்பு மறுபடி வருமுங்க.”

சொன்னவர் அமராவதி, கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். நெற்றி நிறையத் திருநீறு.

“நாத்திகமா?” உறுமினார் சாமி.

“இல்லீங்க சாமி, சின்னச் சந்தேகமுங்க.” மூலையில் கிடந்த கறுப்புத் துணியை எடுத்துக் குடுவையின் மேல் சுற்றினார். “மந்திரத்துக்கு இருட்டு ஒரு பொருட்டுங்களா? ஒரு மாசம் இப்படியே இருக்கட்டுங்க.”

ஆழிச்சாமி பாய்ந்தார். “எடு அதை! வெளிச்சம் படலேன்னா பாசி அழுகிடும்! அப்புறம் இதுக எதைத் திங்கும்?”

கூட்டம் குடுவையை எட்டிப் பார்த்தது.

“அப்போ, சித்தருமாரும் திங்காங்களா சாமி?” என்றாள் முத்துப்பேச்சி.

அமராவதி மெல்லத் துணியை விலக்கினார். “பாவம், இதுகளும் உசுருதானுங்க. பாசியை இறால் திங்குது. இறாலோட எச்சம் பாசிக்கு உரம். வெளிச்சம் இருந்தாச் சக்கரம் ஓடும். பெருங்கடல்லயும் இப்படித்தானுங்க. இத்தனூண்டு பூச்சிகளோட எச்சம் பாசியை வளர்க்குது. மீன் வரைக்கும் பசியாறுது.”

ஆக, சித்தர்கள் வேளை தவறாமல் சாப்பிட்டிருக்கிறார்கள், கழிவையும் வீணாக்கவில்லை. நம் சாயப்பட்டறைகள் கோடி கொட்டியும் திணறுகிற வேலை! இறைவனின் இந்தக் கைத்திறன் நமக்குப் பெரிதாகப் படவில்லை. ஏப்பம் விட்டவர்தான் பெரியவர்.

மாத்திரையைத் திரும்ப எடுக்கத் தாம்பாளத்தில் கைகள் மோதிக்கொண்டன. ஆழிச்சாமி பின்வாசலில் மறைந்தார். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்ட, வேல்விழி முகம் சுளித்து மாத்திரையை விழுங்கினாள்.

கும்பிடும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தவறே இல்லை. கும்பிட்டு முடித்ததும் திறந்து பார்க்கத்தான் இமை என்று ஒன்றை வைத்தான் கடவுள்.