வெடிப்புக்கு வலை வீசியவர்

பங்காளியோடு பகை கொண்டவர்கள் நாஞ்சில் நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. ரோட்டில் விழுந்த வெடிப்போடு பகை கொண்டவர் ஒரே ஒருவர்தான். எங்கள் வெடிப்பு மேஸ்திரி.

சுதந்திரம் வந்த புதிது. சுசீந்திரம் தாண்டிப் பழைய கான்கிரீட் ரோட்டின் மேல் தார் போட்டுக்கொண்டிருந்தோம். நான் ரோலர் டிரைவர். யாரோடும் பேச வேண்டாம் என்பதாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. எனக்கும் சேர்த்து மேஸ்திரி பேசிவிடுவார்.

கான்கிரீட் பலகைகள் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். இரண்டு பலகைகள் சேரும் மூட்டு அசைய அசைய, மேலே போட்ட புதுத் தாரும் அதே இடத்தில் கோடு கிழித்தாற்போல் வெடிக்கும்.

“கீழ கெடக்கது கெழவன் மூட்டு. மேல பட்டு வேட்டி உடுத்துனா வாதம் போயிருமா?” என்பார் மேஸ்திரி. ஆனாலும் விடமாட்டார்.

ஓவர்சியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “மழை கழிஞ்சு வருவேன். பாலத்துப் பக்கத்து மூட்டு வெடிச்சிருந்தா, நீரு அருமனை மலைரோட்டுக்குப் போகணும், பாத்துக்கிடும்.”

மேஸ்திரிக்கு அருமனை மேல் கோபமில்லை. போயும் போயும் ஒரு வெடிப்புக் கோட்டிடம் தோற்று ஊர் மாறுவதா?

முதல் ஆயுதத்தை அந்த அருமனையிலிருந்தே வரவழைத்தார். ரப்பர் மரத்துப் பால். “இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். இதாக்கும் மருந்து” என்று கொதிக்கிற தாரில் ஊற்றினார். தைப்பொங்கல் தோற்றது! பீப்பாய் நுரைத்துப் பொங்க, நாங்கள் வயலில் குதித்தோம். மிஞ்சிய தாரைப் பரப்பி ரோலரை ஏற்றினேன். சக்கரம் ரோட்டைத் தோசைபோல உரித்துச் சுருட்டிக்கொண்டே போனது.

“ஏலே, நில்லுலே! ரோட்ட எங்கலே கொண்டு போறே?”

அடுத்து, கடற்கரையிலிருந்து பழைய மீன்வலை. பாலத்து மூட்டைச் சுத்தம் செய்து, வலையைத் தாரில் முக்கி விரித்து, அதன்மேல் தார் போட்டார். அவ்வழியே வந்த மீன்காரி கூடையை இறக்கிவிட்டாள்.

“மேஸ்திரியே, தண்ணியில்லாத எடத்துல என்ன மீனு பிடிக்கீரு?”

“வெடிப்பு பிடிக்கேன். கூறு போட்டுத் தாறேன், வாங்குதியா?”

அந்த மழைக்காலம் முழுக்க, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பாலத்தருகே நின்றார். வருகிற வண்டிக்காரனிடமெல்லாம், “மெல்லப் போ மக்கா, ஆளு இப்பதான் கண்ணசந்திருக்கு” என்பார்.

மழை விட்டது. ஓவர்சியர் வந்தார். மற்ற மூட்டுகளில் விரல் நுழையும் வெடிப்பு. பாலத்து மூட்டு மட்டும் எருமை முதுகுபோல் வழுவழுவென்று கிடந்தது.

“ஜெயிச்சிட்டீருவே!” என்றார் ஓவர்சியர்.

மேஸ்திரி ரோட்டில் குப்புறப் படுத்துவிட்டார். கண்ணைத் தாரோடு வைத்துப் பார்த்தார். நகத்தால் ஓரிடத்தைத் தொட்டார்.

“இல்ல சாரே. நூலு கணக்கா வந்திருக்கு.”

“எனக்குத் தெரியலியேவே!”

“எனக்குத் தெரிஞ்சிட்டே.”

ஓவர்சியர் எவ்வளவோ தடுத்தார். மேஸ்திரி கேட்கவில்லை. பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு அருமனை பஸ் ஏறினார். ஜன்னல் வழியே தலையை நீட்டி என்னிடம் கத்தினார்: “மக்கா, மத்த மூட்டுக்கெல்லாம் வலைய ரெண்டா மடக்கிப் போடு! நம்ம மூட்டு மேல மட்டும் பதனமாப் போ!”

இப்போதும் பஸ் அந்தப் பாலத்தை நெருங்கும்போது, யாரும் பார்க்காதபடி சீட்டிலிருந்து லேசாக எழும்பிக்கொள்கிறேன். என் பாரமாவது குறையட்டும்.