வேன் அக்காவுக்கு ரிவர்ஸ் கிடையாது

தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் உள்ள ஏரிக்கரைகளில் காலையில் ஓடுகிற அத்தனை பேரும் சேர்ந்து வாங்கிய திட்டைவிட, வேன் அக்கா ஒருவரிடம் நான் வாங்கிய திட்டு அதிகம். இதை எழுத உட்காரும்போதே காது சூடாகிறது.

அக்காவின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் மஞ்சள் வேன் ஓட்டுவார், அதனால் வேன் அக்கா. சர்க்கரை ஏறிவிட்டது, ஓடுங்கள் என்று டாக்டர் விரட்டியதால் எங்கள் பக்கத்து ஏரிக்குப் போனபோதுதான் அவரிடம் மாட்டினேன். ஏரியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நீங்கள் காரில் வந்து இறங்கி, சிப்ஸ் கவரைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போவீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

மதகில் தொடங்கி, பனைமரங்களை ஒட்டிக் கரைமேலேயே ஓடி, எதிர்ப்பக்கம் அக்காவின் தெருவைத் தொட்டு, உபரி நீர் வழியும் கலங்கல் வழியாக மறுபடி மதகுக்கே வந்தால் ஒரு சுற்று. விடியும்போது ஆழமில்லாத இடங்களில் நாரைகள் நிற்கும். தண்ணீர் மெல்ல நிறம் மாறும். பார்த்துக்கொண்டே ஓடலாம், பின்னால் வேன் அக்கா வராமல் இருந்தால்.

சுடிதாருக்கு மேலே காக்கிச் சட்டை. ஓடும்போதும் அவர் வண்டிதான் ஓட்டுவார். வளைவு வந்தால் கையை நீட்டி சிக்னல் காட்டுவார். முன்னால் போகிறவர் ஒதுங்காவிட்டால் வாயாலேயே ஹார்ன் அடிப்பார். முதல் நாள் விவரம் தெரியாமல் இடது பக்கமாக அவரை முந்திவிட்டேன்.

"இன்னா சார், லைசன்ஸ் கீதா? லெஃப்ட்ல ஏறிகினு போற?"

"இது ரோடு இல்லீங்களே."

"நாலு பேரு நடந்தா அது ரோடுதான் சார். ஓரமா போ."

நாரையோடு செல்ஃபி எடுக்க நின்றவர்களிடம் நோ பார்க்கிங் என்பார். கோடையில் ஒரு பாங்க் அதிகாரி, காய்ந்த ஏரிக்குள் இறங்கிக் குறுக்கே ஓடிப் பாதிச் சுற்றை மிச்சம் பிடித்தார். அக்கா அவரைக் கலங்கலில் மடக்கி, மதகுக்குத் திருப்பி அனுப்பி, முதலிலிருந்து ஓட வைத்தார். கடன் கேட்டு வருகிறவர்களை நடுங்க வைக்கும் அந்த மனிதர் வாயைத் திறக்காமல் ஓடினார்.

இப்படி இருக்கும்போது, எதிர்க்கரையை ஒட்டி லேஅவுட் போட்டவர்கள் ஒரு நாள் கரைக்குக் குறுக்கே இரும்பு கேட் வைத்துப் பூட்டி, கலங்கல் பக்கம் முள்வேலியும் போட்டுவிட்டார்கள். 'தனியார் பாதை' என்று போர்டு வேறு. ஏரி அவர்களுடையது இல்லை, கரையும் அவர்களுடையது இல்லை. பூட்டு மட்டும்தான் அவர்களுடையது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்போது வீரர்களாகிய நாங்கள் என்ன செய்தோம் என்று கேளுங்கள். எங்களுக்கு 'ஏரி எக்ஸ்பிரஸ்' என்று வாட்ஸப் குரூப் உண்டு, ஒரே நிறத்தில் டீ ஷர்ட் உண்டு. கேட் வரைக்கும் ஓடினோம். கேட்டைத் தொட்டுத் திரும்பி ஓடி வந்தோம். கைக்கடிகாரத்தில் தூரம் சரியாக இருந்தது. குரூப்பில் ஒருவருக்கொருவர் கட்டைவிரல் போட்டுக்கொண்டோம்.

அக்கா மெயின் ரோடு வழியாக வேனில் சுற்றிக்கொண்டு வந்து மதகருகே இறங்கினார். முகத்தைப் பார்த்ததுமே பாங்க் அதிகாரி என் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"இன்னா, அல்லாரும் ரிவர்ஸ் எடுத்துகினு வர்றீங்க?"

"கேட் போட்டுட்டாங்கக்கா. ஆனா தூரம் கரெக்டா வந்துடுது" என்றேன்.

"உனக்கு தூரம் வந்துடுச்சு சார். எங்க தெரு பொம்பளைங்களுக்கு பஸ் வரல. அவங்க வூட்டு வேலைக்குப் போற பஸ் ஸ்டாப்பு இங்க கீது. லாரி ஓடுற மெயின் ரோட்ல சுத்திகினு வர்றாங்க. நேத்து மேரி மயிரிழைல தப்பிச்சா. நீ வாட்சைப் பாத்துகினு கீற."

தாலுகா ஆபீசுக்கு அவரே மனு கொடுத்தார். சனிக்கிழமை காலை அதிகாரி வந்து பார்ப்பதாகத் தகவல் வந்தது. அந்த நேரத்துக்கு எல்லாரும் கேட்டுக்கு வந்து நில்லுங்கள், தினமும் போகிற வழி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று குரூப்பில் கேட்டார். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு முழங்கால் வலி. மற்றவர்கள் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவின் குரல் மறுபடி குரூப்பில் வந்தது. "நாளைக்கி கேட்டுக்கு அந்தாண்ட பொங்கல், வடை. முழு ரவுண்டு வர்றவங்களுக்கு மட்டும்."

முழங்கால் வலிக்காரர்தான் முதலில் வந்தார்.

கேட்டுக்கு இந்தப் பக்கம் தாலுகா அதிகாரி. பக்கத்தில் லேஅவுட்டின் மேனேஜர், சலவைச் சட்டையில். அந்தப் பக்கம் அக்காவும் சாப்பாட்டுப் பைகளோடு அவர் தெருப் பெண்களும். "ரெண்டு மூணு பேர் தான் சார் பிரச்சினை பண்றாங்க. மத்தபடி இந்தப் பக்கம் யாருமே வர்றதில்ல" என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருக்கும்போது கரை அதிர்ந்தது. 'ஏரி எக்ஸ்பிரஸ்' மொத்தமும் வந்து கேட்டில் முட்டி நின்றது.

"கேட்டைத் திறங்க சார். டெய்லி நாங்க போற வழி இது" என்று பாங்க் அதிகாரி சத்தம் போட்டார். அவர் கண் அந்தப் பக்கம் நின்ற மஞ்சள் வேன்மேலேயே இருந்தது.

தாலுகா அதிகாரி எங்கள் கூட்டத்தைப் பார்த்தார், பிறகு மேனேஜரைப் பார்த்தார். "யாருமே வர்றதில்லன்னீங்க? நான் அளந்து பார்த்துச் சொல்ற வரைக்கும் இதைப் பூட்டக் கூடாது" என்றார். பூட்டு திறந்தது.

நாங்கள் வேனுக்கு ஓடினோம். ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரே ஒரு டிபன் டப்பா இருந்தது. அக்காவின் காலைச் சாப்பாடு.

"பொங்கல் எங்கக்கா?"

"இதோ கீதே. ஆளுக்கு ஒரு மிளகு எடுத்துக்கோங்க."

பாங்க் அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கள ஏமாத்திட்டீங்க. இது ரொம்ப அநியாயம்" என்று கத்தினார்.

அக்கா அவரை நிதானமாகப் பார்த்தார். "இப்ப கோவம் வருதா சார்? வழிய மறிச்சான், அப்ப வரல. பொங்கல் இல்லன்னதும் வருது."

மேரி தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களை விலக்கிவிட்டுக் கேட்டைத் தாண்டி நடந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அவருக்கு.

அளந்து பார்த்ததில் அது ஊருக்குச் சொந்தமான கரைதான் என்று முடிவாயிற்று. கேட்டையும் வேலியையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அக்கா இப்போது ஓடுவதில்லை. கேளம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளிக்கு வேன் ஓட்டுவதால் விடியும் முன்பே கிளம்பிவிடுகிறார். எப்போதாவது நான் பால் வாங்க நிற்கும்போது, பள்ளியிலிருந்து திரும்பும் மஞ்சள் வேன் பக்கத்தில் வந்து வேகம் குறையும். உள்ளிருந்து குரல் மட்டும் வரும்.

"இன்னா சார், முழுசா சுத்துனியா?"

"சுத்திட்டேன்க்கா."

சுற்றாத நாளிலும் அப்படித்தான் சொல்கிறேன். வேன் திரும்பி மறைந்ததும் பாலை வீட்டில் வைத்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு மதகுக்குப் போகிறேன்.